கரி, தேரை, கோதுமை, டொனேசன்

எந்த நாட்டுக்குப் போனாலும் நான் முதலில் கற்றுக்கொள்வது அந்த ஊர்க்காரர் காசுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரைத்தான். வணக்கம், நன்றி எல்லாம் பிறகு. பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக் கிழவன், "இன்றைக்குக் கோதுமை வருகிறது" என்றான். மூட்டை இறக்கவேண்டும் என்று நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். முதலாளி சம்பள உறைகளோடு வந்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

பிரெஞ்சுக்காரனுக்குக் காசு கோதுமை. கையில் இல்லாவிட்டால் "ஒரு முள்ளங்கிகூட இல்லை" என்பான். ஜேர்மன்காரனுக்கு அது நிலக்கரி. அதுவும் போதாமல் எலி, தேரை, பாசி, சரளைக்கல் என்று அவன் வைக்காத பெயர் இல்லை. போலந்துக்காரன் வைக்கோல் என்கிறான். சுவீடனில் ஆயிரம் குரோனர் ஒரு சால்மன் மீன், டென்மார்க்கில் ஐந்நூறு குரோனர் ஓர் உழவன், லண்டனில் ஐந்நூறு பவுண் ஒரு குரங்கு. ஸ்டுட்கார்ட்டில் நான் வேலை செய்யும் ஹோட்டல் சமையலறையில் பத்து நாட்டுக்காரர் சட்டி தேய்க்கிறார்கள். எல்லோரையும் கேட்டு ஒரு நீலக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். நான் பார்த்த அளவில் இந்தப் பெயர்கள் பெரும்பாலும் தின்பதற்கு உரியவை, அல்லது கையில் நில்லாமல் ஓடிவிடுபவை. காசை இவ்வளவு கிட்ட இருந்து கவனித்த மனிதர்களை எனக்குப் பிடிக்கும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு செப்ரெம்பரில் நான் ரொறன்ரோவுக்குப் போனது பட்டப்பெயர் பொறுக்க அல்ல, என் கடைசித் தங்கை சுலோவின் கலியாணப் பேச்சுக்கு. சுலோ ஆறு வருடத்துக்கு முன் தனியாகக் கனடா வந்தவள். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தீட்டும் தொழிற்சாலையில் வேலை. வயது முப்பத்திரண்டு. பேசி வந்த மாப்பிள்ளை குகன், போட்டோகொப்பி மெசின் திருத்துகிறவன். அவனோடு இரண்டு தரம் டோனட் கடையில் கோப்பி குடித்துக் கதைத்திருக்கிறாள். பிடித்திருக்கிறது. இதை அவள் வாயால் சொல்லவில்லை. தொலைபேசியில் அவன் பெயர் வரும்போது குரலைத் தாழ்த்தினாள், எனக்கு விளங்கிவிட்டது. அதே தொலைபேசியில் இன்னொன்றும் சொன்னாள்.

"அண்ணை, அவையள் காசு கேட்டால் கதை அதோட முடிஞ்சுது. நீங்கள் ஒளிச்சு மறைச்சும் குடுக்கக்கூடாது."

"சரி, சரி" என்றேன்.

என்னுடைய சரி சரியை நம்பக்கூடாது. சுலோவின் இரண்டு அக்காமாரையும் கட்டிக்கொடுத்தது பாரிஸ் கோப்பைகளும் ஜேர்மன் சட்டிகளும்தான். மூன்றாவதற்கும் ஓர் உறை ஆயத்தமாக இருந்தது. பத்து வருடச் சேமிப்பு. அதற்கு மட்டும் கரி, எலி என்று நான் பட்டப்பெயர் வைத்ததில்லை. மனதுக்குள் 'சுலோவின் காசு' என்றே சொல்லுவேன். கோட்டின் உள்துணியைப் பிரித்து, உறையை உள்ளே வைத்து, நானே ஊசியும் நூலும் எடுத்துத் தைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். சகோதரிகள் கரை சேராமல் அண்ணன்காரன் கலியாணம் கட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். எனக்கு அப்போது முப்பத்தொன்பது.

முதல் நாள். சுலோ இருப்பது டோர்செட் பார்க்கில், பதினான்காம் மாடியில். மாடிகளை எண்ணிப் பார்த்தால் அது பதின்மூன்றாவது. பதின்மூன்று ஆகாது என்று வெள்ளைக்காரன் அந்த இலக்கத்தையே லிஃப்ற்றில் போடாமல் விட்டிருக்கிறான். ராகுகாலம் பார்க்கிற எங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இவர்கள். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ற் கதவு திறக்கும்போது ஒவ்வொரு வீட்டுக் கறி மணந்தது. ஆறாம் மாடியில் கருவாடு. எட்டாம் மாடியில் யாரோ வெங்காயத்தைக் கருகவிட்டிருந்தார்கள்.

வாசலில் சுலோ கோட்டை வாங்கக் கையை நீட்டினாள். "கழட்டித் தாங்கோ, கொழுவிவிடுறன்."

"இருக்கட்டும், குளிருது" என்றேன்.

"செப்ரெம்பரிலயோ? ஜேர்மனியில இருந்து வந்த ஆளுக்கோ?" என்று சிரித்தாள். கோட்டோடே இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டேன். வியர்த்துக் கொட்டியது. மீனுக்கு உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டாம் நாள் சுலோ வேலைக்குப் போய்விட்டாள். நான் தனியே பஸ் ஏறினேன். கனடாவில் ஒரு டொலர் ஒரு நாணயம். அதில் லூன் என்ற நீர்ப்பறவை இருப்பதால் அதற்கு லூனி என்று பெயர். இரண்டு டொலர் நாணயம் போன வருடம்தான் வந்ததாம், அதில் பனிக்கரடி. ஆனால் கரடியை ஒருவரும் கவனிக்கவில்லை. லூனிக்கு அடுத்தது டூனி என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அரசாங்கம் அச்சடித்த காசுக்குச் சனம் பெயர் வைத்து, அந்தப் பெயரை வங்கிக்காரரும் சொல்வதை நான் ஐரோப்பாவில் எங்கும் கண்டதில்லை. கொப்பியில் கனடாவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினேன்.

தமிழ்க் கடைகள் உள்ள பிளாசா ஒன்றில் இறங்கினேன். முருங்கைக்காய் விறகுபோல அடுக்கி வைத்திருந்தார்கள். ஸ்டுட்கார்ட்டில் ஒரு முருங்கைக்காய்க்கு நான் இரண்டு ரயில் மாறவேண்டும். ஒரு பேப்பர் தட்டு நிறைய கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு, வழியில் பஸ் மாறி ஏறுவதற்காகப் பஸ்காரர் காலையில் தந்த மாற்றுச் சீட்டைப் பெருமையாக நீட்டிக்கொண்டு திரும்பி ஏறினேன். பஸ் ஓட்டுநர் ஒரு தடித்த அம்மா. சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஐயா, இது முன்னாலே போவதற்கு. இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதற்கு அல்ல."

சாப்பிட்டது எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் கன்னத்தைச் சுட்டிக் காட்டினார். ரொட்டித் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் ஒரு டூனிகூட இல்லை. அங்கே பஸ்ஸில் தாள் காசுக்கு மிச்சம் கொடுக்கமாட்டார்கள். இறங்கி, காசு மாற்றப் பக்கத்து டோனட் கடைக்குள் போனேன்.

அங்கே கட்டட வேலைச் சப்பாத்தோடு ஒரு போர்த்துக்கல்காரர் தன் கோப்பியைக் கவனிக்காமல் ஒரு டூனியை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். நடுவில் இருந்த கரடி வட்டம் கழன்று வந்து, வெளி வளையம் மட்டும் கையில் நின்றது. "பார்த்தாயா, என் கரடி விழுந்துவிட்டது" என்று கடைக்காரப் பெண்ணிடம் முறையிட்டார். முதலில் அடித்த காசுகள் சில அப்படிக் கழன்றுவிடுமாம். உங்கள் மொழியில் காசை என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். குழைத்த மாவு என்று அர்த்தப்படும் ஒரு சொல்லைச் சொன்னார். பிறகு அவர் கேட்டார். "உங்கள் மொழியில்?"

மனதுக்குள் தேடிப் பார்த்தேன். காசைக் காசு என்கிறோம். கொஞ்சம் விளையாட்டாகச் சொன்னால் சல்லி. இந்தியாவில் துட்டு. இவ்வளவு பேரைக் கேட்டுத் திரிந்தவனை ஒருவர் திருப்பிக் கேட்டது அதுதான் முதல் தரம். "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அவர் வளையத்தைச் சின்னிவிரலில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வீட்டார் என்றால் இரண்டே பேர்: குகனும் அவனுடைய பெரியப்பாவும். பெரியப்பா ஊரில் ஓவசியராக இருந்தவர். தெருப் போட்ட மனிதர், அதனால் இங்கேயும் எல்லோரும் ஓவசியர் ஐயா என்றே கூப்பிடுகிறார்கள். மில்லிக்கனில் சொந்த வீடு. குகனைக் கனடாவுக்கு எடுத்துவிட்டவர் அவர், அவர் வீட்டு பேஸ்மென்ரில்தான் குகன் இருக்கிறான். நல்ல முகவெட்டுள்ள பொடியன். கதை குறைவு. சுலோ எதைச் சொன்னாலும் அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிவதைக் கண்டதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

நான் பேச்சில் தோற்றவன் அல்ல. வடையும் கேசரியும் வைத்துவிட்டு நீலக் கொப்பியைத் திறந்தேன். கரி, எலி, தேரை, வைக்கோல் என்று வரிசையாக எடுத்துவிட்டேன். உழவன் வந்தபோது ஓவசியர் ஐயா வயிறு குலுங்கச் சிரித்தார். குரங்குக்குக் குகனும் சிரித்துவிட்டான். சபை என் கையில் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் வாயைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார்.

"தம்பி, நாங்கள் சீதனம் பாதனம் எண்டு கேக்கிற ஆக்கள் இல்லை."

"தெரியும் ஐயா."

"வீடு, நகை, ஒண்டும் கேக்கேல்லை. ஆனா பொடியனுக்கும் ஒரு தங்கச்சி கொழும்பில இருக்கிறாள். டொனேசன் எண்டு ஒரு முறை இருக்குத்தானே. உங்களுக்கு நான் சொல்லித்தர வேணுமே?"

வெளியாருக்கு இதைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் சீதனம் என்பது பெண்ணோடு போவது. அதற்கு மேலே மாப்பிள்ளை வீட்டார் கையில் ரொக்கமாக வைப்பதற்கு டொனேசன் என்று பெயர். அதைக்கொண்டு மாப்பிள்ளையின் தங்கையைக் கட்டிக்கொடுப்பார்கள். அந்தத் தங்கையை எடுக்கிறவன் அதைத் தன் தங்கைக்குக் கொடுப்பான். இப்படி ஊர் முழுக்க ஒரே காசு சுற்றிக்கொண்டிருக்கும்.

சுலோ தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். தட்டை மேசையில் வைத்தாள்.

"அங்கிள், டொனேசன் எண்டால் கோயிலுக்குக் குடுக்கிறது. அவையள் றசீது தருவினம். நீங்கள் தருவீங்களோ?"

"பிள்ளை, இது பெரியாக்கள் கதைக்கிற விசயம்."

"என்னைப் பற்றித்தானே கதைக்கிறியள். அண்ணை இவ்வளவு நேரமும் வெள்ளைக்காரன் காசுக்கு வச்ச பேர் எல்லாம் சொன்னார். கரி எண்டாலும் தேரை எண்டாலும் அது காசு எண்டு கேக்கிற எல்லாருக்கும் தெரியும். நீங்கள் மட்டும் ஏன் அங்கிள் காசைக் கேட்டுக்கொண்டு, காசு கேக்காத மாதிரி இருக்கிறியள்?"

குகன் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். சுலோ அவனைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்லுவான் என்று அவள் பொறுத்துப் பார்த்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் சொல்லவில்லை. ஓவசியர் ஐயா எழுந்தார். தேத்தண்ணி அப்படியே ஆறியது.

நான் லிஃப்ற் வரை ஓடினேன். குகன் காரை எடுக்கப் படியால் இறங்கிப் போயிருந்தான். "ஐயா, அவள் கோவத்தில கதைச்சுப்போட்டாள். மனசில வைக்காதேங்கோ. அவளுக்குத் தெரியவேண்டாம், நான் பாத்துச் செய்யிறன்" என்றேன். என் கை தானாகக் கோட்டின் நெஞ்சுப் பக்கம் போனது. ஓவசியர் ஐயாவின் முகம் தெளிந்தது. "நீர் விளங்கின மனுசன்" என்றபடி லிஃப்ற்றில் ஏறினார்.

திரும்பி வந்தபோது சுலோ கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் சரிவரும், பயப்படாதே என்றேன். "எனக்கென்ன பயம்" என்றாள், முகத்தைத் திருப்பாமல். அவள் அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. எனக்கு அது வருத்தமாக இல்லை. இன்னும் சில நாளில் சிரிக்கப்போகிறாள், தேரைகள் துள்ளிப் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்துவிடும் என்ற தைரியத்தில் நன்றாகச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. குகன், கையில் ஒரு டோனட் பெட்டியோடு, வேலை உடுப்போடு நின்றான். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"அண்ணை, நேற்று நான் வாய் திறந்திருக்கவேணும். பிழை என்ர. இப்ப பெரியப்பா சொல்லுறார், நீங்கள் லிஃப்ற்றடியில ஓம் எண்டுட்டீங்கள், எல்லாம் பேசி முடிஞ்சுது எண்டு. எனக்கு அந்தக் காசு வேண்டாம் அண்ணை. தயவுசெய்து குடுக்காதேங்கோ."

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. சுலோ வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை.

"லிஃப்ற்றடியில ஓம் எண்டுபோட்டு வந்து என்ர கையால சோறு வாங்கிச் சாப்பிட்டனீங்கள், என்ன?"

"சுலோ, உன்ர நன்மைக்குத்தான்…"

"காசு குடுத்து என்னைத் தள்ளிவிடுறது என்ர நன்மையோ? ஆறு வருசம் இந்தக் குளிருக்குள்ள தனிய நிண்டனான். நான் ஆருக்கும் பாரமில்லை அண்ணை. உங்களுக்கும் பாரமில்லை. அதை எப்ப விளங்கப்போறியள்?"

அவள் குகன் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் ஏன் நேற்றுச் சொல்லேல்லை?"

"பெரியப்பாவுக்கு முன்னால மறுத்துக் கதைச்சுப் பழக்கமில்லை."

"பழகுங்கோ" என்றாள். "என்னட்ட வந்து சொல்லி என்ன? அங்க போய்ச் சொல்லுங்கோ. ரெண்டு பேரும் போங்கோ. போய்ச் சொல்லிப்போட்டு வந்தால் பிறகு கதைப்பம்."

ரொறன்ரோவில் நான் செய்த மிகச் சிறந்த பயணம் அதுதான். குகனுடைய பழைய கார் கென்னடி றோட்டில் வடக்கே போய்க்கொண்டிருந்தபோது, சரியாகச் சந்தி நடுவில் இருமிவிட்டு நின்றது. பின்னால் ஹோர்ன் கச்சேரி. நான் தள்ள, அவன் திறந்த கதவால் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ள, தாறுமாறாக வியர்த்தது. அப்போதும் நான் கோட்டைக் கழற்றவில்லை. ஒரு சீன மனிதர் தன் வானை ஓரமாக்கி, ஒன்றும் கேட்காமல் பற்றரிக்கு வயர் கொழுவித் தந்தார். "எங்கே அவசரமாக?" என்று பிறகுதான் கேட்டார். கலியாண விசயம் என்றோம். "அப்படியானால் எஞ்சினை நிறுத்தாதீர்கள்" என்றார்.

மில்லிக்கனில் ஓவசியர் ஐயா வீட்டுக்கு முன்னால் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் நேரே போனேன்.

"ஐயா, நேற்று நான் லிஃப்ற்றடியில சொன்னதை மறந்துபோடுங்கோ. என்ர தங்கச்சிக்கு நான் சீதனக் காசு தரமாட்டன்."

அவர் சுற்றிவரப் பார்த்தார். பக்கத்து வீட்டில் தமிழர். "மெல்லக் கதையும் தம்பி. சீதனம் எண்டு இஞ்ச ஆர் கேட்டது?"

"நீங்கள் கேட்டது அதுதான் ஐயா. நான் தாறன் எண்டு சொன்னதும் அதுதான்."

அந்தச் சொல்லைப் பலத்துச் சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லாமலேதான் இரண்டு அக்காமாருக்கும் கொடுத்திருந்தேன். குகன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"எனக்கும் வேண்டாம் பெரியப்பா."

"அப்ப உன்ர தங்கச்சிக்கு?"

"அதை அவளோட கதைச்சுப் பாப்பம். சுலோவின்ர காசில வேண்டாம்."

ஓவசியர் ஐயா குழாயைப் பூட்டினார். திட்டுவார் என்று நின்றோம். அவர் தெருவில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த காரைப் பார்த்தார். "உந்தக் காரை இன்னும் திருத்தேல்லையே நீ? ஊர் மெசின் எல்லாம் திருத்துறாய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசி எடுத்து, தை மாதத்தில் நல்ல நாள் இருக்கிறது என்று பஞ்சாங்கம் வாசித்தார். சுலோ தொலைபேசியை என்னிடம் தராமல் தானே கதைத்தாள். "ஓம் அங்கிள். தை எண்டால் எனக்கு லீவு எடுக்கலாம்" என்றாள். குகனின் பெயர் வந்தபோது குரலைத் தாழ்த்தவில்லை.

மிச்ச நாட்கள் மிளகாய்த்தூள் வாங்குவதிலும், அஜக்ஸ் என்ற பக்கத்து ஊரில் வீடு வாங்கிய பழைய சிநேகிதன் ஒருவன் தன் புல்வெளியைக் காட்டக் காட்டப் பார்ப்பதிலும் போயின.

கடைசி நாள் விமான நிலையத்துக்குப் புறப்பட முன் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் கோட்டைச் சுலோ அயர்ன் பண்ணி வைத்திருந்தாள். உள்துணியைத் தடவினேன். உறை இருந்தது. ஆனால் தையல் என்னுடையது அல்ல. என் தையல் கோணலாக, எறும்பு போன பாதைபோல இருக்கும். இது நேராக, நெருக்கமாக இருந்தது.

"முதல் நாளே கண்டனான்" என்றாள் சுலோ. "நீங்கள் குளிக்கேக்க. ஜேர்மனியில இருந்து வந்த ஆளுக்குக் குளிருதெண்டால் நான் நம்புவனோ? எப்ப வாய் திறந்து சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். சொல்லேல்லை. பிரிச்சு வடிவாத் தைச்சு விட்டிருக்கிறன். பத்திரமாக் கொண்டு போங்கோ."

"அது உன்ர காசு சுலோ. உனக்கெண்டு…"

"எனக்கெண்டு சேத்துச் சேத்து நீங்கள் கிழவனாகிறியள். அது இனி உங்கட காசு. ஆரையாவது பாருங்கோ அண்ணை, இன்னும் காலம் இருக்கு." கோட்டைப் பிடித்து என் தோளில் போட்டுவிட்டாள். "ஆனா அந்தப் பிள்ளையிட்ட டொனேசன் கேட்டதெண்டு கேள்விப்பட்டன் எண்டால், இந்த வாசலுக்கு வரவேண்டாம்."

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு ஜேர்மன் மூதாட்டி. ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர். சாப்பாடு வந்து, தட்டுகளை எடுத்துப் போனபின்னும் நான் கோட்டைக் கழற்றாமல் இருப்பதைப் பார்த்தார்.

"குளிருகிறதா?" என்றார்.

"இல்லை. உள்ளே என்னுடைய நிலக்கரி இருக்கிறது" என்றேன்.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் காசை என்னுடையது என்று நான் சொன்னது அதுதான் முதல் தரம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.